சீட்டு வாங்குற சூட்சுமம்

ஏட்டி, டாக்டர்ட்டப் போயி "எனக்கு இன்ன மருந்துதான் வேணும், எழுதுங்க"ன்னு கேக்கப் போறியாக்கும்? கேளு, தாராளமாக் கேளு. கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி ஒன்னைய ஒரு பார்வை பாப்பாரு. பொறவு கால்சியம் மாத்திரை ஒரு அட்டை, சத்து மாத்திரை ஒரு அட்டை, ராத்திரிக்கு ஒரு தூக்க மாத்திரை, "தெனமும் நடங்கம்மா"ன்னு ஒரு உபதேசம். அதுக்குள்ள அடுத்த டோக்கனுக்கு மணி அடிச்சிரும். நீயும் ஸ்கேன் கவரத் தூக்கிக்கிட்டு வெளிய வந்திருவ. பஸ்ஸுல சன்னலோரம் எடம் கெடைச்சும் ஒனக்குக் குப்புனு வேக்கும்.

ஆரம்ப சுகாதார நெலையத்துல நர்சா இருந்து பென்சன் வாங்குதவ சொல்லுதேன், கேட்டுக்க. நீங்கள்லாம் டாக்டர் மேசைக்கு இந்தப் பக்கம் ஒக்காந்தவளுவ. நான் அந்தப் பக்கம் நின்னவ. அங்கன நின்னு பாத்தாத்தான் நம்ம பொம்பளைக சாமர்த்தியம் தெரியும்.

உள்ள வருவா ஒருத்தி. "என்னம்மா செய்யுது?" "முட்டு வலிக்கி ஐயா." முட்ட அமுக்கிப் பாத்து ஒரு மாத்திரை எழுதுவாரு. "அப்புறம்?" "பசிக்க மாட்டங்கு." அதுக்கும் ஒன்னு எழுதுவாரு. "அப்புறம்?" "மருமவ பேசுத பேச்சுல்லா ஐயா..." அதுக்கு மருந்து இல்லைன்னு சிரிச்சிக்கிட்டே சீட்டக் கிழிச்சுக் கையில குடுத்திருவாரு. அடுத்த ஆளு நாற்காலியில வந்து ஒக்காந்த பொறவு, இவ வாசப்படியில ஒரு கால வெச்சுத் திரும்பி நின்னு, கொரல எறக்கி, "ஐயா, ராத்திரி ஒடம்பெல்லாம் தீயா எரியுது, சேலை நனைஞ்சு போவுது, கண்ணு மூடி மாசக்கணக்காச்சு"ம்பா. எதுக்கு வந்தாளோ அத வாசப்படியிலதான் சொல்லுவா! அவரு என்ன செய்வாரு? "வயசானா அப்படித்தாம்மா"ம்பாரு. முடிஞ்சு போச்சு கத. நான் ஊசிய வெந்நியில போடுத மாதிரி திரும்பிக்கிட்டு சிரிப்ப அடக்குவேன். சிரிப்பா அது, வயித்தெரிச்சல்.

அதனால, வாசப்படியில சொல்லுதத நாற்காலியில ஒக்காந்த மூச்சோட சொல்லிரு. முட்டு வலி எங்கயும் ஓடிப் போவாது. மருமவளும் போவ மாட்டா.

சொல்லும்போது கண்ணுல தண்ணி விடாத. டாக்டருமாருக்குக் கண்ணீரு பழகிப்போன சரக்கு. கணக்குன்னாத்தான் கொஞ்சம் மெரளுவாவ. ஒங்க அடுப்படியில மாசக் காலண்டர் தொங்குதுல்லா, பால் கணக்கு "அரை", "ஒன்னு"ன்னு எழுதுவியே, அதே கட்டத்தோட மூலையில புள்ளி வையி. ராத்திரி வேத்து முழிச்சா ஒரு புள்ளி. மூணு தடவ முழிச்சா மூணு. நைட்டிய மாத்துத அளவுக்கு நனைஞ்சா புள்ளியச் சுத்தி வட்டம் போடு. மாசம் முடிஞ்சதும் அந்தத் தாளக் கிழிச்சு மடிச்சு எடுத்துட்டுப் போயி மேசையில விரி. பால்காரன் பாக்கியும் சேந்துதான் தெரியும், தெரியட்டும். அத்தன புள்ளியப் பாத்த பொறவு "வயசானா அப்படித்தான்"னு சொல்ல அவருக்கே நாக்கு கூசும்.

கடைசியாத் தூரமானது எப்பொன்னு கேட்டா "கோயில் கொடை முடிஞ்சு ஒரு எட்டு எட்டரை மாசம் இருக்கும்"னு இழுக்காத. தேதி சொல்லு. 12 மாசம் தொடர்ச்சியா வரலைன்னாத்தான் நின்னு போச்சுன்னு கணக்கு. நம்ம நாட்டுப் பொம்பளைகளுக்குச் சராசரியா 46, 47லயே நின்னு போவுது. வெள்ளைக்காரிக்கு 51. இதுலயாவது அவளுவள முந்திட்டோம்னு சந்தோசப்பட்டுக்க. நிக்கதுக்கு முன்னாடியே சில வருசம் தாறுமாறா வரும். வேர்வையும் அப்பமே தொடங்கிரும். "முழுசா நிக்கட்டும், பொறவு பாப்போம்"னு யாராவது சொன்னா, அதுவரைக்கும் ராத்திரி விசிற அவரு ஆளு அனுப்புவாரான்னு கேளு. அப்படிக் கேக்காத, மனசுக்குள்ள கேளு. 45 தாண்டினவளுக்கு இது இதுதான்னு தெரிஞ்சுக்கிட ரத்தத்துல ஹார்மோன் பாக்க வேண்டிய அவசியமே கெடையாது. இந்தக் காலத்துல அந்த நம்பரு இன்னைக்கு ஒன்னு நாளைக்கு ஒன்னு காட்டும். தைராய்டு வேணா பாக்கட்டும், அதுவும் படபடப்பையும் வேர்வையையும் கொண்டு வரும்.

ஒன் வீட்டுக்காரரு கூட வருவாரு. தங்கமான மனுசன்தான், இல்லைங்கல. ஆனா நீ வாயத் தெறக்கதுக்குள்ள "இவளுக்குக் கோவம் ஜாஸ்தியா வருது டாக்டர்"ம்பாரு. டாக்டரும் அவரப் பாத்துப் பரிதாபமாத் தலைய ஆட்டுவாரு. ரெண்டு பேரும் ஒரே கட்சி ஆயிருவாவ, சீக்காளி நீ எதிர்க்கட்சி வரிசையில ஒக்காந்திருப்ப. டோக்கன் நம்பரு கூப்புடுத நேரத்துக்கு "வண்டி நிறுத்துன எடத்துல போலீஸ்காரன் நிக்கான் போலுக்கே"ன்னு ஒரு வார்த்த போட்டு வையி. மனுசன் பறந்திருவாரு.

"எங்க காலத்துல இதெல்லாம் யாரு சொன்னா, நாங்க பொறுத்துக்கிடலையா?"ன்னு ஒன் மாமியா கேட்டாளாக்கும். பொறுத்தோம், பொறுத்தோம். எங்க தெருவுல நாப்பத்தஞ்சு தாண்டுனவளுக்குத்தான் வரிசையாச் சாமி வந்துச்சு. மூஞ்சி செவக்கும், வேத்துக் கொட்டும், கையில கெடச்சத வீசி எறிவா, தண்ணிய மொண்டு தலையில ஊத்தச் சொல்லுவா. ஊரே கும்புட்டு நிக்கும். எத்தன பேருக்கு நெசமா அம்மன் வந்தாளோ, எத்தன பேருக்கு இந்தச் சனியன் வந்துச்சோ, அந்த அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

சரி, விசயத்துக்கு வா. ஒங்கூடப் படிச்சவ லண்டன்ல வயித்துல ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு, வாரத்துக்கு ரெண்டு மாத்துதாளாம், பத்து வயசு கொறஞ்சு போச்சாம். போட்டோவ நானும் பாத்தேன். அது பிளாஸ்திரி கொறச்ச வயசு இல்லட்டி, போன் கொறச்ச வயசு. அதேதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்க. மாட்டுச் சந்தைக்குப் போறவன் வாசல்லயே "அந்தச் செவலைதான் வேணும்"னு கத்துனா தரகன் அவன எப்படிப் பாப்பான்? டாக்டரும் அப்படித்தான் பாப்பாரு. அதுவும் அந்தப் பிளாஸ்திரி நம்மூர் மெடிக்கல்ல லேசுல கெடைக்காது. அதே ஈஸ்ட்ரோஜன் இங்கன ஜெல்லா வருது, மாத்திரையா வருது.

பேரச் சொல்லாத, வகையக் கேளு. மாத்திரையா முழுங்குத ஈஸ்ட்ரோஜன் மொதல்ல ஈரலுக்குப் போயித்தான் ஒடம்புக்குப் போவுது. அந்த வழியில ரத்தம் கட்டிக்கிடுத ஆபத்து கொஞ்சம் கூடுது. தோல்ல தடவுதது நேரா ரத்தத்துல சேருது, அதனால அந்தப் பயம் கம்மி. ஒனக்கு பி.பி. இருக்கு, எடையும் நான் சொல்ல வேண்டாம். "டாக்டர், எனக்கு பி.பி. இருக்கே, எடையும் கூட. மாத்திரையவிடத் தோல்ல தடவுதது எனக்கு ஒத்து வருமோ?"ன்னு சந்தேகம் கேக்குதவளா ஒரு கேள்வி போடு. கொஞ்சம் யோசிப்பாரு. "ம்ம், நானும் அதத்தான் நெனச்சேன்"ம்பாரு. நெனச்சிருக்க மாட்டாரு. நீ "நல்ல யோசனை டாக்டர்"னு சொல்லிட்டு வாய மூடிக்க. யோசனைக்கு அப்பன் யாருன்னு சண்ட போட்டா மருந்து கெடைக்காது.

இன்னொன்னு. கர்ப்பப்பை இருக்கவளுக்கு ஈஸ்ட்ரோஜன மட்டும் குடுத்தா உள்சுவரு தடிச்சுக்கிட்டே போயி, புத்துநோயில கொண்டு விடலாம். கூடவே புரோஜெஸ்டிரோனும் குடுக்கணும். அவரு அவசரத்துல மறந்தாலும் நீ மறக்காத. "கர்ப்பப்பைக்குக் காவலுக்கு ஒன்னு உண்டே டாக்டர்?"னு ஞாபகப்படுத்து. ஆபரேசன்ல கர்ப்பப்பைய எடுத்தவளுக்குப் பொதுவா அந்தக் காவல் தேவைப்படாது.

இப்பொ மெயின் சண்ட. "ஹார்மோனா? அய்யய்யோ, புத்துநோய் வந்திரும்மா"ம்பாரு. அவரு பொய் சொல்லல, பழசச் சொல்லுதாரு. பேத்தி பி.பார்ம் படிக்கா, அவ புத்தகத்த அவளவிட நான்தான் அதிகம் படிக்கேன், அதனால சொல்லுதேன். அமெரிக்காவுல விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்னு ஒரு பெரிய ஆராய்ச்சி. அதுல 16,608 பொம்பளைகளச் சேத்து, பாதிப் பேருக்கு ஹார்மோன் மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. அந்த ஹார்மோன் எங்கருந்து வந்துச்சு தெரியுமா? சினைக் குதிரை மூத்திரத்துல இருந்து! 1942லயே அங்கன கடைக்கு வந்த சரக்கு. அதோட ஒரு செயற்கைப் புரோஜெஸ்டினையும் சேத்துக் குடுத்தாவ. 2002 ஜூலையில, மார்புப் புத்து கூடுதுன்னு பாதியிலயே நிறுத்திட்டாவ. பேப்பருல 26 சதவீதம்னு கொட்டை எழுத்துல வந்துச்சு. உலகம் முழுக்க டாக்டருமாரு பேனாவ மூடி வெச்சாவ. நம்ம டாக்டரு அப்பொ காலேஜுல படிச்சிக்கிட்டு இருந்திருப்பாரு, மனசுல அப்படியே உறைஞ்சு போச்சு.

அந்த 26 சதவீதத்த ஒடச்சுப் பாரு. டம்மி மாத்திரை தின்ன 10,000 பேருல வருசத்துக்கு 30 பேருக்கு வந்துச்சு. ஹார்மோன் தின்ன 10,000 பேருல 38 பேருக்கு. கூடுதல் எட்டுப் பேரு. எட்டுப் பேருன்னா லேசு இல்ல, அந்த எட்டுல ஒருத்தி நீயா இருந்தா தெரியும். பக்கவாதமும் நுரையீரல்ல ரத்தக்கட்டும்கூட அதே மாதிரி எட்டு எட்டுதான் கூடுச்சு. இடுப்பெலும்பு முறிவு அஞ்சு கொறஞ்சுச்சு. ஆனா அந்த ஆராய்ச்சியில சேந்தவளுவ சராசரி வயசு 63. ஒனக்கு 49. அவளுவ பேத்திக்குப் பேரு வெக்குத வயசுல தின்னாவ, நீ மவளுக்கு மாப்பிள்ளை பாக்குத வயசுல கேக்குத. 60க்கு உள்ளயோ, நின்னு 10 வருசத்துக்கு உள்ளயோ தொடங்கினா, வேற தடங்கல் இல்லாதவளுக்கு நன்மைதான் கூடுதல்னு வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2022ல எழுதி வெச்சிருக்கு. 2025 நவம்பருல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், அந்த மருந்துப் பெட்டியில கறுப்புக் கட்டம் போட்டு எழுதியிருந்த பெரும்பாலான எச்சரிக்கைய எடுக்கப் போறதா அறிவிச்சிருச்சு. நான் சொன்னேம்லா, கர்ப்பப்பைக்குக் காவல் வேணும்னு, அந்த எச்சரிக்கைய மட்டும் விட்டு வெச்சாவ.

இதெல்லாம் தெரியும்னு அவருகிட்டக் காட்டிக்கிடாத. வருசத்தையும் நம்பரையும் மளமளன்னு ஒப்பிச்சேன்னா, "அப்பொ நீங்களே எழுதிக்கிடுங்க"ன்னு பேனாவ நீட்டிருவாரு. ஒன்னும் தெரியாதவளாட்டம், "அந்த 2002 ஆராய்ச்சி என் வயசுக்காரிக்கும் பொருந்துமா டாக்டர்?"னு கேளு. தெரிஞ்சவரா இருந்தா ஒக்காந்து வெளக்குவாரு. தெரியாதவரா இருந்தா போன எடுத்துட்டு உள்ரூமுக்குப் போயிட்டு வருவாரு. ரெண்டும் ஒனக்கு லாபம்தான்.

அப்பமும் "வேண்டாம்"னா, இங்கதான் காத நல்லா தீட்டிக்கிடணும். வேண்டாம்ல ரெண்டு உண்டு. "ஒங்களுக்குக் கால்ல ரத்தக்கட்டு வந்திருக்கு, அதனால வேண்டாம்"னா அது ஒன் ஒடம்பப் பாத்துச் சொன்னது. மறுபேச்சு பேசாம, வேற என்ன உண்டுன்னு கேட்டு வாங்கிட்டு வா. ஹார்மோன் இல்லாத மருந்தும் உண்டு. மனச்சோர்வுக்குக் குடுக்குத சில மாத்திரைகள கொஞ்ச அளவுல குடுத்தாலே வேர்வை அடங்கும். சீட்டுல அந்தப் பேரப் பாத்துட்டு "எனக்கென்ன பைத்தியமா"ன்னு சண்டைக்கு நிக்காத. ஆனா "நான் யாருக்குமே ஹார்மோன் எழுதுறதில்லம்மா"ன்னா, அது அவரு பயத்தப் பாத்துச் சொன்னது. அதுக்கு ஒன் ஒடம்பு ஏன் வேகணும்? ஒரு கும்புடு போட்டுட்டு அடுத்த டாக்டர்ட்டப் போ. லேடி டாக்டருன்னா எல்லாம் புரிஞ்சிரும்னும் நெனைக்காத. முப்பது வயசுப் புள்ளைக்கு இந்த வேர்வை புத்தகத்துலதான் வரும். ஐம்பது தாண்டுன லேடி டாக்டரு கெடச்சா, மேசையில சின்ன விசிறி சொழலுதான்னு பாரு. சொழண்டா ஒன் காரியம் பாதி முடிஞ்சுது.

ஒரு எடத்துல மட்டும் சாமர்த்தியம் காட்டக் கூடாது. மருந்து வேணும்ங்க ஆசையில எதையும் மறைச்சிராத. மார்புல கட்டி, புத்துநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, ஈரல் கோளாறு, இதுல எது வந்திருந்தாலும் அவரு கேக்கதுக்கு முன்னாடியே சொல்லு. ஒங்கம்மா வீட்டுப் பக்கம் யாருக்கு மார்புப் புத்து வந்துச்சுன்னு போன் போட்டுக் கேட்டுக்கிட்டுப் போ. நின்னு ஒரு வருசம் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், "சூடு"ன்னு சொல்லி எளநி குடிச்சிட்டு இருக்காத. அது என்னன்னு பாக்காம எந்தக் கொம்பனும் ஹார்மோன் எழுதக் கூடாது. பி.பி. பாத்த அட்டை, சுகர் ரிப்போர்ட், மேமோகிராம் எடுத்திருந்தா அது, எல்லாத்தையும் ஒரே பையில போடு. தங்கச்சி கல்யாணப் பத்திரிகையையும் ரேஷன் கார்டையும் வெளிய எடு.

சில எடத்துல வேர்வைன்னு போனாலே "கர்ப்பப்பைய எடுத்திருவோமா, காப்பீட்டு அட்டை இருக்குல்லா?"ம்பாவ. தேசியக் குடும்ப நல ஆய்வுல, நாடு முழுக்க 15லருந்து 49 வயசுக்குள்ள இருக்க பொம்பளைகள்ல 100க்கு 3 பேரு எடுத்தவளுவ, ஆந்திராவுல ஏறக்குறைய 9. ஏட்டி, வேர்வைக்கும் கர்ப்பப்பைக்கும் என்ன சம்மந்தம்? சினைப்பை சுரக்கது கொறையுததாலதான் வேக்குது. "அதுவும் எதுக்கு, சேத்தே எடுத்திருவோம்"னு சினைப்பையையும் எடுத்துட்டாவன்னா, நாலஞ்சு வருசமா மெல்ல மெல்ல வரவேண்டியது ஒரே ராத்திரியில வந்து நிக்கும். நாப்பதுக்குள்ள அப்படி எடுத்தவளுக்குத்தான் ஹார்மோன் ரொம்ப முக்கியம், இயற்கையா நிக்குத வயசு வரைக்குமாவது குடுக்கணும். எலும்புக்கும் நெஞ்சுக்கும் அது வேணும். ஆனா அவளுவளுக்குத்தான் யாரும் எழுதுததில்ல. தையல் பிரிச்சு அனுப்புததோட கணக்க முடிச்சிருவாவ.

ஜொரம் வந்தாச் சத்தமாச் சொல்லுவோம், இத மட்டும் யாரும் சொல்ல மாட்டோம். "கீழ எரியுது." எத்தனையோ பேரு என் காதுக்குள்ள வந்து சொல்லியிருக்கா, டாக்டர்ட்ட சொல்லுன்னா ஓடிருவா. அந்த எடம் காஞ்சு போயி, ஒன்னுக்குப் போனா எரியும், வீட்டுக்காரரு பக்கத்துல வந்தாலே பயமா இருக்கும். ஒன்னுக்கு எரிச்சல்னு சொன்னதும் ஆன்டிபயாட்டிக் எழுதுவாவ. அஞ்சு நாளு நல்லா இருக்கும், மறுபடியும் வரும், மறுபடியும் ஆன்டிபயாட்டிக். அந்த எடத்துக்குன்னே கொஞ்சூண்டு ஈஸ்ட்ரோஜன் சேத்த கிரீம் உண்டு. ரத்தத்துல சேருதது ரொம்ப ரொம்பக் கம்மி, புரோஜெஸ்டிரோன் காவல்கூடத் தேவையில்ல. திரும்பத் திரும்ப வருத ஒன்னுக்குத் தொற்றும் கொறையும். மொத்த ஒடம்புக்கும் ஹார்மோன் வேண்டாம்னு பயப்படுத டாக்டருகூட இத எழுதத் தயங்க மாட்டாரு. வேர்வை இல்லாதவளும் கேட்டு வாங்கலாம். "கீழ"ன்னு சொல்ல வாய் வரலைன்னா ஒரு துண்டுத் தாள்ல எழுதிக் குடு. அவரு படிச்சிட்டு மூஞ்சி செவந்தாருன்னா அவரு பாடு.

சோயா மாத்திரை, மூலிகை லேகியம், "இயற்கை ஹார்மோன் ஊசி"ன்னு ரீல்ஸுல வாரதெல்லாம் என்கிட்டக் கேக்காத. விக்கவன் சத்தியம் பண்ணாத மருந்து உண்டா?

சீட்டு கையில வந்த பொறவு ஒரு வேலை. ஜெல்ல ரெண்டு அமுக்கு அமுக்கச் சொன்னா ரெண்டுதான். வேர்வை நிக்கலைன்னு மூணாவதா அமுக்காத. தொடையிலயோ தோள்ப்பட்டையிலயோ தடவிக் காய விடு, கையக் கழுவு. மார்புல தடவாத. தடவுன ஒடனே பேரப்புள்ளயத் தூக்கி ஒட்டிக்கிடாத. புரோஜெஸ்டிரோன ராத்திரி படுக்கப் போறப்போ போடு, கண்ணு சொருவும், அதுவே ஒனக்கு வேண்டியதுதான. மொத ரெண்டு மூணு மாசம் அங்கங்க லேசாப் படும், பதறாத. ஆறு மாசம் தாண்டியும் பட்டா நேரா டாக்டர்ட்டப் போ. மூணு மாசத்துல ஒருக்கக் கட்டாயம் காட்டு. அந்தக் காலண்டர் தாளயும் மறுபடி எடுத்துட்டுப் போ, புள்ளி கொறஞ்சிருந்தா அவருக்கும் ஒரு பெருமைதான.

ஜெல் பாட்டில பீரோவுல பூட்டி வையி. ஒன் மாமியா கண்ணுல பட்டா "முட்டுக்குத் தடவுத மருந்தாக்கும்"னு ரெண்டு கால்லயும் பூசிக்கிடுவா, அவளுக்கு வயசு 76. அவளாவது பரவாயில்ல. ஒன் வீட்டுக்காரரு தலைக்குத் தடவுத ஜெல்லுன்னு தெனம் காலையில தேச்சு வாரிக்கிட்டு ஆபீஸ் போனாருன்னா, ரெண்டு மாசம் கழிச்சு மாரு வீங்கிக்கிட்டு அதே டாக்டரு முன்னால அவருதான் ஒக்காந்திருப்பாரு. அன்னைக்கு நீ கூடப் போ. "இவருக்குக் கோவம் ஜாஸ்தியா வருது டாக்டர்"னு மொதல்ல நீயே சொல்லிரு.